மருந்தடிக்கும் முன் ஒரு கேள்வி: வயலில் சிலந்தி எத்தனை?

ராத்திரி எட்டு மணிக்கு மேல் நெல் வயல் பக்கம் போக வாய்ப்பு கிடைத்தால், ஒரு சின்ன விஷயம் செய்து பாருங்கள். மொபைலில் டார்ச்சைப் போடுங்கள். கையை நீட்டிப் பிடிக்க வேண்டாம். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு வரப்புப் புல்லையும் நெல்லின் அடிப்பகுதியையும் பாருங்கள். ஊசிமுனை அளவில் பச்சையாக, நீலமாகப் புள்ளிகள் மின்னும். முதலில் பனித்துளி என்றுதான் தோன்றும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் பனித்துளி மின்னி மின்னி அணையும். இந்தப் புள்ளி அணையாமல் அப்படியே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிட்டப் போனால் ஓடிவிடும். (செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொண்டு போங்கள். வரப்பில் பாம்பும் வேட்டைக்கு வரும் நேரம் அது.)

அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை ஓநாய் சிலந்திகளின் கண்கள். ஆசியாவின் நெல் வயல்களில் அதிகம் தென்படுகிற ஓநாய் சிலந்திகளில் ஒன்றின் அறிவியல் பெயர் பார்டோசா சூடோஅன்னுலேட்டா. பேர் வாயில் நுழையலைன்னா பரவாயில்லை, நெல் வயல் ஓநாய் சிலந்தி என்றே வைத்துக்கொள்வோம். இந்தியா முதல் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் வரை நெல் விளைகிற இடமெல்லாம் இது இருக்கிறது.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கண்கள் மட்டும் இல்லை. நெல்லில் புகையான் வந்தால் எப்போது மருந்தடிக்கலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கிலேயே சிலந்திக்கு ஓர் இடம் இருக்கிறது. வயலில் சிலந்தி இருந்தால் ஒரு எண், இல்லாவிட்டால் வேறொரு எண். மருந்தடிக்கும் முடிவு எடுக்கப்படுகிற இடங்களில் அந்த இரண்டாவது எண்ணை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் என் புகார். அதற்கு முன்னால் ஆளை அறிமுகப்படுத்தி விடுகிறேன்.

முதுகில் கவட்டை, முகத்தில் எட்டுக் கண்

உடம்பு மட்டும் சுமார் 1 சென்டிமீட்டர் நீளம். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். சேற்று மேட்டில் உட்கார்ந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். அடையாளம் வேண்டுமென்றால் தலையும் மார்பும் சேர்ந்த முன்பாகத்தின் மேல்புறத்தைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் கவட்டை மாதிரி, உண்டிவில் மாதிரி ஒரு குறி இருக்கும். வயிற்றுப் பகுதியில் வெளிர் புள்ளிகள். கால்கள் நீளமாக, முள்முள்ளாக இருக்கும்.

கண்கள் எட்டும் மூன்று வரிசையில் இருக்கின்றன. கீழே நான்கு சின்னக் கண்கள். அதற்கு மேல் முன்னால் பார்க்கிற இரண்டு பெரிய கண்கள். இன்னும் மேலே, பின்பக்கமும் பக்கவாட்டும் பார்க்க இரண்டு. சந்தேகம் வந்தால் இந்த 4-2-2 வரிசையைப் பார்த்தே ஓநாய் சிலந்திக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். மேலே இருக்கிற நான்கு கண்களுக்குள்ளும் கண்ணாடி போல ஒரு அடுக்கு உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது வந்த வழியே திருப்பி அனுப்பும். மாட்டுக்கும் பூனைக்கும் இருட்டில் கண் பளபளப்பது இதே மாதிரி ஓர் அடுக்கால்தான். வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால்தான் டார்ச் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

இந்த இனத்தை 1906-ல் போசன்பெர்க், ஸ்ட்ராண்ட் என்ற இருவர் ஜப்பானில் கிடைத்த மாதிரிகளை வைத்து விவரித்தார்கள். பழைய வேளாண் புத்தகங்களில் லைகோசா என்ற பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான்.

ஓநாய் என்ற பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. லைகோஸ் என்றால் ஓநாய். வலை கட்டி இரை விழும்வரை காத்திருக்காமல், ஓடிப் பிடித்து அடிக்கிற வேட்டை முறையால் வந்த பெயர். ஆனால் ஓநாய் மாதிரி கூட்டமாக வேட்டையாடுவதில்லை. தனி ஆள். பக்கத்தில் இன்னொரு ஓநாய் சிலந்தி வந்தால், அது தன்னைவிடச் சின்னதாக இருந்தால், அதையும் சாப்பிட்டுவிடும். சினிமாவில் பயமுறுத்துகிற டாரன்டுலா என்ற பெயர்கூட முதலில் ஓநாய் சிலந்திக்குத்தான் இருந்தது. இத்தாலியின் தாரந்தோ நகரத்துப் பக்கம் வாழ்ந்த ஒரு பெரிய ஓநாய் சிலந்தியின் பெயர் அது. பிற்பாடுதான் அமெரிக்காவின் பெரிய ரோமச் சிலந்திகளுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

நம் ஊரில் சிலந்திக்கு எட்டுக்கால் பூச்சி என்றும் பேர். விலங்கியல்படி அது பூச்சியே இல்லை. பூச்சிக்கு ஆறு கால், உடம்பில் மூன்று பாகம். சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டு பாகம். ஆனால் பல பூச்சி மருந்துகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதுகில் குழந்தைகளைச் சுமக்கும் அம்மா

ஓநாய் சிலந்தியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல இடம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் சொல்வேன். பெண் சிலந்தி பட்டு நூலால் ஒரு சின்ன வட்டத் தட்டு பின்னி, அதில் முட்டையிட்டு, மேலே மூடி, ஒரு உருண்டையாக்கி விடுகிறது. அந்த உருண்டையை உடம்பின் பின்முனையில், நூல் சுரக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஓடினாலும் வேட்டையாடினாலும் மூட்டை கூடவே வரும். வேறு சில சிலந்திகளும் முட்டைப் பையைச் சுமக்கும், வாயில் கவ்விக்கொண்டு. பின்னால் ஒட்டிக்கொண்டு திரிவது ஓநாய் சிலந்திக் குடும்பத்தின் பழக்கம்.

அந்த மூட்டையைப் பிடுங்கினால் தேடித் தேடி அலையும். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஜான் ஹென்றி ஃபாபர் தன் ஊர்ப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய ஓநாய் சிலந்தியிடம் முட்டைப் பைக்குப் பதிலாக அதே அளவில் ஒரு கார்க் உருண்டையைக் கொடுத்துப் பார்த்தார். அது அதையும் வாங்கி ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. இதைப் பார்த்துச் சிரிப்பதா, பாவப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

குஞ்சு வெளியே வரும் நேரத்தில் அம்மாதான் பையின் தையலைப் பல்லால் பிரித்து விடுகிறது. குட்டிகள் அதன் கால் வழியாக ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்காரும். அவை பிடித்துக்கொள்ள வசதியாக அங்கே தனி வகை ரோமங்கள் இருக்கின்றன. நெல் வயல் ஓநாய் சிலந்தியில் ஒரு முறைக்கு 60 முதல் 80 குட்டிகள் வரை இப்படி ஏறும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டிகள் சொல்வதன்படி, ஒரு பெண் சிலந்தி மூன்று நான்கு மாதம் வாழும், வாழ்நாளில் 200 முதல் 400 முட்டை வரை இடும். சில நாள் அம்மா முதுகில் சவாரி. அப்புறம் இறங்கி, அவரவர் வேட்டை. புல் நுனியில் ஏறி, நூலைக் காற்றில் விட்டு, பட்டம் மாதிரி பறந்து அடுத்த வயலுக்குப் போகிற குட்டிகளும் உண்டு.

இந்த மூன்று நான்கு மாதம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் எதிராளியின் கணக்கு முற்றிலும் வேறு.

தண்ணீர் மேல் ஓடுகிற காவலாளி

நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும் வயலில் முதலில் குடியேறுகிற வேட்டைக்காரர்களில் இதுவும் ஒன்று. வரப்பிலிருந்து, பக்கத்துத் தரிசிலிருந்து, வைக்கோல் குவியலிலிருந்து இறங்கி வரும். நெல் பயிரின் அடியில், தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே, தண்டோடு தண்டாக ஒட்டி நிற்கும். பயிரைத் தட்டினால் தண்ணீர் மேல் ஓடும், முங்காது. காலிலும் உடம்பிலும் இருக்கும் நுண்ணிய ரோமங்கள் தண்ணீரை ஒட்டவிடாது.

அந்த இடத்தில் நிற்பதற்கு அர்த்தம் இருக்கிறது. நெல்லின் மிக மோசமான எதிரிகளில் ஒன்றான புகையான் குடியிருப்பதும் அதே அடித்தூரில்தான். புகையான் என்பது பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நாலைந்து மில்லிமீட்டர்கூட இருக்காது. தண்டில் ஊசி போன்ற வாயைக் குத்திச் சாறு உறிஞ்சும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீயில் வாட்டியது போல ஆகிவிடும். சில வைரஸ் நோய்களையும் பரப்பும். கதிர் பிடிக்கிற நேரத்தில் புகையான் விழுந்த வயலைப் பார்த்தவர்களுக்கு, விவசாயி ஏன் பதறிப்போய் கடைக்கு ஓடுகிறார் என்று விளக்க வேண்டியதில்லை.

நெல் வயல் ஓநாய் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை வரை பிடிக்கும். புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சி என்று கிடைத்ததெல்லாம் சாப்பாடு. குட்டிச் சிலந்தி சும்மா இருக்காது, புகையானின் இளம் குஞ்சுகளைப் பிடிக்கும். நச்சுப்பல்லால் கடித்து, செரிக்க வைக்கிற நீரை உள்ளே விட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் வெறும் கூடு. மனிதனை இது தேடி வந்து கடிக்காது. நசுக்கினால் கடிக்கலாம், ஆனால் ஆபத்தான விஷம் இல்லை.

புகையான் இல்லாத நாளில் என்ன சாப்பிடும்? இது முக்கியமான கேள்வி. இந்தோனேசியாவின் ஜாவாவில் நடந்த ஆய்வுகள் 1990-களில் இதற்குப் பதில் கண்டுபிடித்தன. நட்ட முதல் சில வாரங்களில் வயல் தண்ணீரில் மக்குகிற இலைதழையை நம்பி ஏராளமான கொசு இனச் சிறு பூச்சிகளும், வால் துள்ளிப் பூச்சிகளும் பெருகுகின்றன. பயிருக்கு அவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை. சிலந்திகள் அவற்றைத் தின்று வளர்ந்து, பெருகி, புகையான் வரும்போது தயாராக நிற்கின்றன. அதாவது, எதிரி வருவதற்கு முன்பே படை சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறது. தழை உரம், தொழு உரம் போட்ட வயலில் இந்த ஆரம்பச் சாப்பாடு இன்னும் அதிகம்.

மருந்தடித்தால் புகையான் ஏன் பெருகுகிறது?

புகையானின் பெண் பூச்சி முட்டையை நெல் தண்டின் உறைக்குள்ளே, திசுவைக் கீறி வைக்கிறது. வெளியே தெளிக்கிற மருந்து அந்த முட்டைக்குப் பெரும்பாலும் எட்டாது. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரிந்து வெளியே வரும். வரும்போது வயலில் மருந்தின் வீரியம் குறைந்திருக்கும். சிலந்தியோ செத்துப்போயிருக்கும். முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை புகையானுக்கு ஒரு மாதம்கூட ஆகாது. சிலந்தி மறுபடி பெருக மாதங்கள் வேண்டும். கணக்கு யாருக்குச் சாதகம் என்று சொல்லத் தேவையில்லை.

குறிப்பாக செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவை பூச்சியின் நரம்பில் எந்த இடத்தைத் தாக்குகின்றனவோ, அதே அமைப்பு சிலந்தியின் நரம்பிலும் உண்டு. இவற்றோடு மீத்தைல் பாரத்தியான், குயினால்பாஸ் போன்றவையும் புகையானை மறுபடி பெருக வைக்கும், நெல்லில் தவிர்க்க வேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே சொல்கிறது. ஆனால் நட்ட கொஞ்ச நாளில் இலைச்சுருட்டுப் புழு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டதும், மலிவாகக் கிடைக்கிற ஒரு பைரித்ராய்டு அடிப்பது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. அந்த வயதுப் பயிர் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைக்குச் செத்த சிலந்தி, 40 நாள் கழித்துப் புகையான் வரும்போது தேவைப்படும்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். நட்ட ஒரு முடி நாற்று கொத்தாக வளர்ந்து நிற்பதைக் குத்து என்கிறோம். அதில் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். சிலந்தி இல்லாத வயலில், தூருக்கு ஒரு புகையான் என்ற நிலை வந்தால் மருந்தடிக்கலாம் என்கிறது பரிந்துரை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால்? தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். பேர் என்னவோ பொருளாதார சேதநிலை. ஆனால் இது சாதாரணப் பெருக்கல்தான். ஒரு குத்தில் 20 தூர் என்று வையுங்கள். சிலந்தி இல்லாவிட்டால் குத்துக்கு 20 புகையான் எல்லை. ஒரே ஒரு சிலந்தி இருந்தால் எல்லை 40. ஒரு சென்டிமீட்டர் பிராணி, எல்லையையே இரண்டு மடங்காக்குகிறது.

ஒரு தெளிப்பையே தள்ளிப்போட, சில சமயம் முழுக்கத் தவிர்க்க இந்த ஒரு எண் போதும். மருந்துச் செலவு, தெளிக்கிற கூலி, தெளிப்பவர் மூச்சில் போகிற விஷம், மூன்றும் மிச்சம்.

யாரும் கேட்காத எண்

நம்மில் நிறைய பேர் ஊரை விட்டு வந்து சென்னையிலோ பெங்களூருவிலோ லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். ஊரில் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ இன்னும் நெல் வைக்கிறார். சம்பா நடுவில் ஒரு போன் வரும்: “புகையான் விழுந்திருக்கு, மருந்தடிக்கணும், ஒரு ரெண்டாயிரம் போட்டு விடுப்பா.” நாம் ஜிபே-யில் போட்டுவிடுவோம். என்ன மருந்து என்றுகூடக் கேட்க மாட்டோம். ஏனென்றால் நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும் என்று நம்பிக்கை.

அவரிடம் மருந்துக் கடையில் என்ன கேட்டிருப்பார்கள்? என்ன பூச்சி, எத்தனை ஏக்கர், நட்டு எத்தனை நாள். கேள்வி முடிந்தது, பாட்டில் வந்துவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பினால் பூச்சியின் பெயர் சொல்கிற ஆப்களும் வந்துவிட்டன, ஆனால் அதுவும் கேமராவில் தெரிகிற பூச்சியைத்தான் பார்க்கும். படத்தில் இல்லாத சிலந்தியை அது எண்ணாது. ட்ரோன் வந்த பிறகு தெளிப்பது இன்னும் சுலபம். மேலிருந்து அடிக்கிற மருந்து அடித்தூரில் இருக்கிற புகையானுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி.

நாங்களும் யோக்கியம் இல்லை. புகையான் தாக்குதல், விவசாயிகள் கவலை என்று தலைப்புப் போட்டு, கீழே ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று எழுதி முடித்துவிடுகிறோம். டோஸ் எழுதினால் செய்தி பயனுள்ளதாகத் தெரிகிறது. சிலந்தி பற்றிய வரி நீளம் கருதி வெட்டப்படும் முதல் வரி. அந்த வரி முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து. வேளாண் துறையின் அறிவிப்பானாலும் சரி, கடையானாலும் சரி, ஆப் ஆனாலும் சரி, மருந்தின் பெயருக்கு முன்னால் ‘குத்துக்கு எத்தனை சிலந்தி?’ என்ற கட்டம் இருக்க வேண்டும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகக்கூடாது.

இதற்கு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. குத்தகைக்கு நிலம் எடுத்து, நகையை அடகு வைத்து நட்டவரிடம் போய் “பொறுங்க, சிலந்தி பாத்துக்கும்” என்று சொல்வது சுலபம். பயிர் போனால் அந்தச் சிலந்தியோ இதை எழுதுகிற நானோ கடனைக் கட்டப் போவதில்லை. ஒரு தெளிப்பு அவருக்கு ராத்திரித் தூக்கம். அதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அதோடு சிலந்தி சர்வரோக நிவாரணி இல்லை. காற்றோடு கூட்டம் கூட்டமாகப் புகையான் வந்து இறங்கினால் அதனால் சமாளிக்க முடியாமல் போகலாம். ஒன்றையொன்று தின்பதால் ஓர் அளவுக்கு மேல் நெருக்கமாகவும் இருக்காது. புகையானின் முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சி போன்ற நம்ம கட்சி ஆட்களையும் சில நேரம் பிடித்துத் தின்னும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் புகையான் பெருகுகிற வேகத்துக்கு எந்தச் சிலந்தியும் ஈடு கொடுக்காது.

ஆனால் பரிந்துரை சிலந்தியை நம்பிச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து முடிவு செய்யத்தான் சொல்கிறது. எல்லை தாண்டினால் அடிக்கத்தான் வேண்டும். அப்போதும் புப்ரோஃபெசின், பைமெட்ரோசின் மாதிரி தத்துப்பூச்சியைக் குறிவைக்கிற, சிலந்திக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்த மருந்துகள் இருக்கின்றன.

இரண்டு நாடுகள், ஒரே சிலந்தி

இது நடக்காத கதை என்று நினைப்பவர்களுக்கு: இதே சிலந்தி, இதே புகையான் இருக்கிற இந்தோனேசியாவில் ஒருமுறை நடந்திருக்கிறது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்துவிட்டதாக அந்த நாடு அறிவித்தது. அரசு பூச்சி மருந்துக்கு மானியத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜாவாவில் புகையான் பேயாட்டம் ஆடியது. மருந்து குறைந்ததால் வந்த வினை இல்லை, கூடியதால் வந்த வினை என்று பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் போன்ற பூச்சியியலாளர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை போட்டார். நெல்லில் 57 பூச்சி மருந்துகளுக்குத் தடை. அதைத் தொடர்ந்து மானியமும் படிப்படியாக நின்றது. விளைச்சல் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள், படுக்கவில்லை.

1989 முதல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒருமுறை விவசாயிகள் வயலில் இறங்கி, எண்ணி, கரையேறி, பெரிய தாளில் வண்ணக் குச்சியால் படம் வரைவார்கள். நடுவில் நெல் பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, இன்னொரு பக்கம் சிலந்தி மாதிரி நன்மை செய்பவை. படத்தைப் பார்த்து அந்த வாரம் மருந்தடிக்கலாமா என்று விவாதம். கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. காலப்போக்கில் அரசின் கவனம் குறைந்தது, மருந்து விற்பனை மறுபடி ஏறியது, 2010, 2011 வாக்கில் ஜாவாவில் புகையானும் திரும்பி வந்தது.

இன்னொரு கதை வியட்நாமில். மீடியா படித்தவளாக எனக்குப் பிடித்தது இதுதான். மேகாங் டெல்டாவில் விவசாயிகள் இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயந்து ஆரம்பத்திலேயே மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். 1994-ல் லாங் ஆன் மாகாணத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். முதல் 40 நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம், நம்பிக்கை இல்லையென்றால் வயலில் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள் என்பதுதான் மொத்தச் செய்தி. அதைச் சொல்லக் கருத்தரங்கு நடத்தவில்லை. ரேடியோவில் சின்னச் சின்ன நகைச்சுவை நாடகம் போட்டார்கள், துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். விவசாயிகள் ஒரு பருவத்தில் மருந்தடிக்கிற தடவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் ரீல்ஸ் காலத்தில் அதைச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ரீல்ஸில் எனக்கு வருவதெல்லாம் எந்த மருந்து அடித்தால் மூன்றே நாளில் பூச்சி காலி என்கிற வீடியோக்கள்தான்.

சிலந்தி தங்குவதற்குப் பெரிய செலவு கிடையாது. வரப்பைச் சுரண்டி மொட்டையாக்காமல், அதில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் அதற்கு நிழலும் இரையும் கிடைக்கும். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் ஒதுங்க இடம் வேண்டும். சீனாவில் வைக்கோலைக் கட்டி வயலோரம் வைத்து அதில் சிலந்திகளை ஒதுங்க வைத்தார்கள். நம் பரிந்துரையில் எட்டடிக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி விட்டு நடச் சொல்வார்கள். அது வெளிச்சமும் காற்றும் அடித்தூருக்குப் போகவும், புகையான் குறையவும். அந்தச் சந்தில் இறங்கி நடந்து எண்ணவும் வசதி.

எப்படி எண்ணுவது? காலையில் வயலில் இறங்குங்கள், அல்லது இறங்கச் சொல்லுங்கள். ஓரத்திலேயே நிற்காமல் குறுக்காக நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக 20 குத்து பார்க்கலாம். ஒவ்வொரு குத்தையும் மெதுவாகச் சாய்த்து அடியில் கையால் தட்டினால் புகையான் தண்ணீரில் உதிரும். அதை எண்ணுங்கள், தூர்களையும் எண்ணுங்கள். அதே நேரம் அந்தக் குத்திலிருந்து பழுப்பாக ஒன்று தண்ணீர் மேல் ஓடும், சில சமயம் முதுகில் குட்டிகளோடு. வேகமாக ஓடும், அதனால் தட்டுவதற்கு முன்பே ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. ஒரு ஏக்கருக்கு அரை மணி நேரம் ஆகலாம்.

அடுத்த தடவை ஊரிலிருந்து மருந்துக்குப் பணம் கேட்டு போன் வந்தால், அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால், “அப்பா, குத்துக்கு எத்தனை சிலந்தி இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை சிரிப்பார்.